கிழக்கே போனால் இடது கை

பிப்ரவரி 5, வியாழன்: உச்சிப்புளிக்கு வடக்கே

இரவு ஏழரைக்குப் பரோட்டா வந்தது. பிய்க்க முடியவில்லை. இரண்டு கையையும் இலையோரம் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. நீட்டினால் முழங்கை வரைக்கும் ஏதோ இழுத்தது. தண்ணீர் பாட்டில் மூடியை எதிர் மேசைக்காரர் கேட்காமலே திறந்து என் பக்கம் நகர்த்தினார். மாஸ்டர் வந்து பார்த்தார், பரோட்டாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார், கல்லிலேயே கொத்தி முட்டையும் சால்னாவும் ஊற்றிக் கொண்டுவந்தார். "கரண்டியில சாப்பிடுங்க மேடம்." இரண்டு பரோட்டா, ஒரு சூடை மீன் வறுவல், 90 ரூபாய். கொத்தியதற்கும் முட்டைக்கும் அவர் காசே போடவில்லை.

ராமநாதபுரம் பக்கம், பாக் விரிகுடாவில் ஐந்து நாள், தனியாக, ஒரு சின்ன கட்டமரானில் பாய் ஓட்ட வந்திருக்கிறேன். சென்னைத் துறைமுகத்துக்குள் டிங்கி என்கிற சின்னப் பாய்ப்படகு ஓட்டிப் பழகியவள்தான். ஆனால் அங்கே இரண்டு பேர் ஏறுவோம். ஒருத்தர் சுக்கான், இன்னொருத்தர் பாய். இங்கே இரண்டும் நானே.

படகு 13 அடி நீளம், 7 அடி அகலம். ஒல்லியான இரண்டு ஓடங்கள், நடுவில் இழுத்துக் கட்டிய கான்வாஸ், ஒரே பாய். வாடகை நாளுக்கு 2500 ரூபாய். பின்னால் தூரத்தில் ஒரு ஃபைபர் வள்ளம் துணைக்கு வரும், அதற்கு டீசலோடு 900. அதை ஓட்டும் பையனுக்கு இருபது வயதிருக்கும். கையைக் காட்டினால் வந்துவிடுவான், காட்டாவிட்டால் கிட்டே வரமாட்டான். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கட்டமரான் என்ற ஆங்கிலச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டைகளைப் பற்றி வில்லியம் டாம்பியர் எழுதியது 1697-இல் அச்சாகியிருக்கிறது. கட்டுமரம் கட்டைகளை ஒட்டிச் சேர்த்துக் கட்டியது, இது இரண்டு ஓடங்களைத் தள்ளித் தள்ளி வைத்தது. இரண்டும் வேறு வேறு கலம். பெயர் மட்டும் இந்தக் கரையிலிருந்து போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

இன்றைக்கு ஒன்றரை மணி நேரம்தான் ஓட்டினேன். அதற்கே இந்தக் கதி. பாயின் கயிறு வழுக்கிக்கொண்டே இருந்தது, அதனால் உள்ளங்கையைச் சுற்றி ஒரு சுற்று சுற்றிக்கொண்டேன். இப்போது இடது கையில் ஊதா நிறத்தில் ஒரு வளையம் இருக்கிறது.

பிப்ரவரி 6, வெள்ளி: சத்தம் வராத கப்பி

காலையில் பல் துலக்க வலது கை ஒத்துழைத்தது, இடது கை ஒத்துழைக்கவில்லை. ஏன் இடது என்று டீக் கடையில் உட்கார்ந்து யோசித்தேன். இந்தக் கரை கிழக்கு மேற்காக ஓடுகிறது, கடல் வடக்கே. இது வாடைக் காற்றின் காலம், காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. கிழக்கே மண்டபம் பக்கம் போனால் காற்று இடப்பக்கத்திலிருந்து ஏறக்குறைய முகத்துக்கு நேராக அடிக்கும். நான் இடது ஓடத்தின் மேல் தெற்கே பார்த்து உட்கார வேண்டும். அப்போது படகின் முன்பக்கம் என் இடது கைப் பக்கம். முன்பக்கக் கைக்குப் பாய்க்கயிறு, பின்பக்கக் கைக்குச் சுக்கான் கோல். ஆக, கிழக்கே போகும் வரை பாயின் பாரம் முழுக்க இடது கைக்கே. திரும்பி மேற்கே வரும்போது கயிறு வலது கைக்கு மாறும். ஆனால் அப்போது காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, கயிற்றில் பாரமே இருக்காது. ஒரு கைக்கு முழு வேலை, இன்னொரு கைக்குச் சும்மா.

டீ 12 ரூபாய். கடைக்காரர் கிளாஸைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்து, கைப்பிடி உள்ள எவர்சில்வர் டம்ளர் ஒன்றை உள்ளேயிருந்து தேடி எடுத்து அதில் மாற்றி ஊற்றினார். நான் எதுவும் சொல்லவில்லை. நேற்று பரோட்டாக் கடையில் நடந்தது இவருக்குத் தெரிந்திருக்கிறது.

படகுக்குப் போனதும் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். அங்கேதான் பிடிபட்டது. இந்த வகைப் படகில் பாய்க்கயிறு நான்கு மடிப்பாகக் கப்பிகளில் ஓடும். அதில் கைக்குப் பக்கத்தில் இருப்பது ரேச்செட் கப்பி. இழுக்கும்போது சக்கரம் கடகடவென்று சுற்றும். கயிறு திரும்பி ஓடப் பார்த்தால் சக்கரம் நின்றுவிடும், கயிறு அதன் பள்ளத்தில் உரசி நிற்கும். பாய் இழுக்கிற பாரத்தில் பெரும் பங்கைக் கப்பியே தாங்கிக்கொள்ளும், கைக்கு மிச்சம்தான் வரும். நேற்று அந்தக் கடகட சத்தமே வரவில்லை! பக்கவாட்டில் ஒரு சின்ன விசை இருக்கிறது, அது அணைந்திருந்தது. போட்டேன். சத்தம் வந்தது. நேற்று ஒன்றரை மணி நேரம் கப்பி தாங்க வேண்டியதை என் கை தாங்கியிருக்கிறது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கயிறு 8 மில்லிமீட்டர், உப்பேறி கம்பி மாதிரி விறைத்திருந்தது. கொஞ்சம் தடித்த கயிறாக இருந்தால் விரல் அவ்வளவு இறுக்க வேண்டாம், இது உண்மைதான். ஆட்டோ பிடித்து வலைக் கடைக்குப் போய் 10 மில்லிமீட்டரில் நீல முறுக்குக் கயிறு வாங்கினேன். எடைக்குத்தான் விற்கிறார்கள், அரைக் கிலோவுக்கு மேல் வந்தது, 190 ரூபாய். "இது நங்கூரத்துக்குப் போடுறதும்மா, கைக்கு ஆகாது" என்று கடைக்காரர் சொன்னார். கேட்டிருக்க வேண்டும். முறுக்குப் புரிகள் கப்பிக்குள் திக்கித் திக்கி ஓடின, ஒவ்வொரு திக்கலும் கைக்குள் ஒரு அரம். ஒரு மணி நேரத்தில் ஆள்காட்டி விரலின் அடியில் தோல் சுருண்டு வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் பட்டதும் கண்ணில் நீர் முட்டியது.

மாலையில் பழைய கயிற்றையே ஒரு வாளி நல்ல தண்ணீரில், கொஞ்சம் ஷாம்பு விட்டு ஊறப் போட்டேன். செய்ய வேண்டியிருந்த வேலை அவ்வளவுதான். உப்பு போனதும் துணி மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது.

பிப்ரவரி 7, சனி: சுக்கான்

இன்று விசைப்படகுகள் போகும் நாள். இந்தப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் அவர்களுக்கு, மற்ற நான்கு நாள் நாட்டுப் படகுகளுக்கு. அதனால் கரையில் வள்ளங்கள் எல்லாம் ஏறிக் கிடந்தன. நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நான் படகை இறக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காற்று பத்து மணிக்கு எழுந்தது. இந்தக் கடல் ஆழமில்லாதது. ஆழமில்லாத இடத்தில் காற்று அடித்தால் அலை உயரமாக வராது. கிட்டக் கிட்ட, செங்குத்தாக வரும். நெல் புடைக்கிற மாதிரி படகைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. இடது கை நேற்றைவிடப் பரவாயில்லை. இன்று கெட்டது வலது கை. சுக்கான் கோலை மடியோடு அணைத்துக்கொண்டு, தோளைக் கொடுத்து இழுத்தால்தான் படகு நேராகப் போகிறது. விட்டால் காற்றைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது. நாற்பது நிமிடத்தில் முன்கை கல்லாகிவிட்டது. விடாமல் இறுக்கிப் பிடித்தால் தசை தன் ரத்தக் குழாயைத் தானே நெருக்கிக்கொள்ளும். ரத்தம் உள்ளே வர வழியில்லை, எரிச்சல் மட்டும் ஏறும். ஒரு நிமிடம் விட்டாலே இறங்கிவிடும். ஆனால் தனியாக இருப்பவளுக்கு அந்த ஒரு நிமிடத்தை யார் கொடுப்பது?

பையனைக் கூப்பிட மனமில்லை. கரைக்கு விட்டேன்.

பெரியவர் எழுந்து வந்தார். முதலில் என் கையைத்தான் பார்த்தார். ஊதா வளையத்தைப் பிடித்துத் திருப்பினார். "தாமானைக் கையில சுத்தினியா தாயி?" பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்கு அவர் சொல்லும் பெயர் அது. ஆமாம் என்றேன். "சுத்தப்படாது. பாய் உதறுனா விரலைக் கொண்டுபோயிரும். நாங்க வத்தையில போன காலத்துல சுத்துனா அப்பா கையிலயே போடுவாரு." எஞ்சின் வருவதற்கு முன்னால் வத்தையில் பாய் ஓட்டியவர். படகு சாயாமல் இருக்கக் குறுக்கே ஒரு பலகை நீட்டி, அதன் நுனியில் கடல் மேல் ஆள் உட்காருவார்களாம். "உன் படகுக்குப் பலகையே வேணாம், ரெண்டு காலு இருக்கு" என்று ஓடத்தைத் தட்டினார்.

அப்புறம் பின்னால் போய்க் குனிந்தார். "சுக்கான் கனத்தா சுக்கானைப் பாரு. உன் கைய ஏன் பாக்குற?"

இடது சுக்கான் பலகை முழுதாக இறங்கவே இல்லை. கரையில் ஏற்றி இறக்க வசதியாக அது மடங்கும்படி இருக்கும். இறக்கும்போது 'டக்' என்று பூட்ட வேண்டும். கீலில் மணல் அடைத்து, பூட்டாமல், நாலு விரற்கடை பின்னால் சாய்ந்து நின்றது. நேராக நிற்கும் சுக்கானைத் தண்ணீர் அதன் அச்சுக்குப் பக்கத்திலேயே தள்ளும், கைக்கு லேசாக இருக்கும். பின்னால் சாய்ந்துவிட்டால் அச்சிலிருந்து தள்ளிப் போன இடத்தில் தள்ளும், நெம்புகோல் போட்ட மாதிரி. அதுபோக, பலகையைச் சுற்றி ஒரு முழத்துக்குக் கடற்புல். இவர்கள் தாழை என்கிறார்கள். இந்தக் கடலடியில் வயல் மாதிரி வளர்கிறது. வாடையில் பிய்ந்து மிதக்கிறது.

அவர் விரலாலேயே மணலைத் தோண்டி எடுத்தார். நான் ஒரு மக் தண்ணீர் ஊற்றினேன். டக். மதியம் மறுபடியும் போனேன். சுக்கான் கோல் இரண்டு விரலுக்கு அடங்கியது. நம்ப முடியாமல் கரையைத் திரும்பிப் பார்த்தேன், அவர் வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 8, ஞாயிறு: பாசி கட்டுகிறவர்கள்

விடியற்காலையில் தூறல். மாசி பிறக்கும் முன்பே இப்படி ஒரு மழை. காற்றும் செத்துவிட்டது. கைக்கு லீவு.

கீழக்கரைக்குப் பஸ்ஸில் போய் தொதல் வாங்கி வந்தேன். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டுவது. கால் கிலோ வாங்கினேன், பஸ்ஸிலேயே பாதி தீர்ந்தது. அதைக் கிண்டுகிறவர்களின் தோள் என்ன ஆகும் என்று இந்த வாரம் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மதியம் கரையில் ஆறேழு பெண்கள் கடற்பாசி கட்டிக்கொண்டிருந்தார்கள். 12-க்கு 12 அடி மூங்கில் மிதவையில் கயிறு கயிறாகப் பாசித் துண்டுகளைக் கட்டிக் கடலில் விடுவார்கள், 45 நாளில் பெருத்துவிடும். கட்டுவதெல்லாம் கை வேலை. ஒரு துண்டு, ஒரு முடிச்சு, ஒரு துண்டு, ஒரு முடிச்சு. நான் பக்கத்தில் உட்கார்ந்து தொதலை நீட்டினேன். வயதான அம்மா ஒருவர் எடுத்துக்கொண்டு, என் விரலைப் பார்த்து "ஆத்தாடி" என்றார்.

என்னிடம் கையுறை இருந்தது. ஆனால் ஆண்கள் அளவு. உள்ளங்கையில் துணி மடிந்து, அந்த மடிப்பே கொப்புளம் கிளப்பியது. பெரிய கையுறைக்குள் பிடி வழுக்கும், வழுக்குவதால் இன்னும் இறுக்குவோம். அந்த அம்மா இளவயதில் தீவுப் பக்கம் பாறையில் பாசி பறிக்க முங்கியவர். பாறை அறுக்காமல் இருக்க விரலில் துணி சுற்றித்தான் போவார்களாம். இடுப்பில் செருகியிருந்த பழைய சேலைத் துணியை ஒரு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்தார். என் கையை மடியில் வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். ஆள்காட்டி விரலின் அடியில் இரண்டு சுற்று, நடுக்கணு வரை சாய்வாக ஏற்றி, கணுவை மட்டும் விட்டுவிட்டு மேலே ஒரு சுற்று, நுனியை உள்ளே செருகல். முடிச்சே போடவில்லை. "முடிச்சு இருந்தா அதுவே குத்தும். கணுவை மூடுனா விரல் மடங்காது, மடங்கலன்னா கூடப் புடிப்ப." நான்கு விரலுக்கு நான்கு துணி. மடக்கிப் பார்த்தேன், எங்கேயும் மடிப்பு இல்லை.

பணம் கொடுக்கப் போனேன். முகம் மாறிவிட்டது. பனங்கிழங்கு விற்கிறீர்களா என்று கேட்டேன். அதற்குச் சிரித்து, பத்துக் கிழங்குள்ள கட்டு ஒன்றை 60 ரூபாய்க்குக் கொடுத்தார்.

பிப்ரவரி 9, திங்கள்: நான்கு மணி நேரம்

ஒன்பதரைக்கு இறக்கினேன். இரண்டு சுக்கானும் டக். கப்பி கடகட. விரலில் சேலைத் துணி. இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் போட்டது. தண்ணீர் குறைந்தால் கை முதலில் முறுக்கிக்கொள்கிறது, வியாழக்கிழமை பட்டது போதும்.

கிழக்கே ஒரே மூச்சாகப் போகக் கூடாது என்று ராத்திரியே முடிவு செய்திருந்தேன். காற்றுக்கு எதிரே இந்தப் படகு எப்படியும் வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். அந்த வளைவுகளை என் கைக்காகப் பங்கு போட்டேன். கிழக்கே பதினைந்து நிமிடம் இடது கை, திருப்பி வடக்கே பத்து நிமிடம் வலது கை. வளைவு கூடினால் நேரம் கூடும், போகட்டும். கயிறு இழுக்கும்போது காலை வாருக்குள் மாட்டிக்கொண்டு முதுகைச் சாய்த்தேன். கை நீண்டே இருந்தது, இழுத்தது முதுகும் தொடையும். இழுத்த கயிற்றைச் சுக்கான் கோல் பிடித்த கையின் கட்டை விரலுக்கடியில் ஒரு நொடி அழுத்தி வைத்து, அடுத்த முழத்துக்கு முன்பக்கக் கையை நீட்டினேன். மணிக்கட்டை மடக்காமல் வைத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அலை அடித்தால் தானாக மடங்கிக்கொள்கிறது, மடங்கினால் பிடியின் பலம் போய்விடுகிறது.

கப்பியோடு ஒரு கவ்வி இருக்கிறது. கயிற்றை அதன் பல்லுக்குள் செருகிவிட்டால் கையே வேண்டாம். டிங்கிப் பழக்கத்தில் அதைத் தொடப் பயம். திடீர்க் காற்று வந்தால் உடனே விடுவிக்க முடியாமல் கவிழ்ந்துவிடலாம். இன்று காற்று சீராக இருந்தபோது மட்டும் செருகினேன், கயிற்றின் நுனியைக் கையில் தளர்வாக வைத்துக்கொண்டு. கடல் மேல் கருத்துக்கொண்டு ஒரு திட்டு ஓடி வந்தால் உடனே மேலே உருவிவிடுவேன். அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தேன்.

பதினொன்றே கால் இருக்கும். இடது கட்டை விரலடி முறுக்கிக்கொண்டது. வலியில் கயிற்றை விட்டுவிட்டேன். பாய் காற்றில் படபடவென்று அடித்தது, படகு நின்றது. பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டமரான் பாயை விட்டால் அகலத்தில் அப்படியே மிதந்துகொண்டு உட்கார்ந்துவிடும். சுக்கான் கோலைக் காற்றுக்கு மறுபக்கம் தள்ளி வைத்தேன், படகு தலையை ஆட்டிக்கொண்டே ஒரு இடத்தில் அடங்கியது. முதல் நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடம் இங்கேயே இருந்திருக்கிறது. எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டேன். தண்ணீர் குடித்தேன். மூடியை நானே திறந்தேன். பையன் தூரத்தில் எழுந்து நின்று பார்த்தான், கட்டை விரலைக் காட்டினேன், உட்கார்ந்துகொண்டான்.

பன்னிரண்டு மணிக்குக் கிழக்கே பாம்பன் புதுப் பாலத்தின் தூக்குக் கோபுரங்கள் வானத்தில் இரண்டு கோடு மாதிரி தெரிந்தன. அங்கேயே திருப்பினேன். வழியில் பாசி மிதவைகளைச் சுற்றி வந்தேன், ஒன்றன் மூங்கிலில் ஒரு நாரை.

ஒன்றரைக்குக் கரை. பெரியவர் முழங்கால் தண்ணீர் வரை இறங்கி வந்து படகின் முன்பக்கத்தைப் பிடித்தார். கையைக் காட்டச் சொன்னார். துணியை அவிழ்த்துப் பார்த்தார், மறுபடியும் சுற்றிவிட்டார். அப்புறம் பாயைப் பார்த்துக்கொண்டே, "ஒரு சுத்து போயிட்டு வரட்டுமா?" என்றார். கேட்டது என்னிடம்தான். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் சுக்கான் பிடித்தேன், கயிற்றை அவரிடம் கொடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். காற்று அப்போது காலையைவிட நன்றாகவே இருந்தது, ஒரு ஓடம் லேசாகத் தண்ணீரை விட்டு எழும்பியது. அவர் கையைப் பார்த்தேன். மூடியே இல்லை. கயிறு ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மேல் படுத்திருந்தது. கட்டை விரல் அதைத் தொடாமல் பக்கத்தில் சும்மா இருந்தது. அலை வந்தால் விரல் மடங்கும், அலை போனதும் திறக்கும். கோழியை மடியில் வைத்திருக்கிற மாதிரி வைத்திருந்தார். பேசவே இல்லை. மிதவைகள் வரைக்கும் போய்த் திரும்பும்போது, "எஞ்சின் வாங்குனப்புறம் இது கேக்கவே இல்ல" என்றார். எது என்று கேட்டேன். ஓடத்தின் அடியில் தண்ணீர் ஓடும் சத்தத்தை நோக்கித் தலையைச் சாய்த்தார்.

கரை ஏறியதும் அவர் வலைக்கும் நான் பைக்கும் போனோம். இரவு ரயில். பனங்கிழங்கு நான்கு மிச்சம் இருக்கிறது, நார் உரித்துத் தின்றுகொண்டே இதை எழுதுகிறேன். அடுத்த தை பிறந்ததும் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறேன். "வாடை இருக்கறப்ப வா, தென்மேற்குக் கச்சான் காத்துல வராத. கச்சான் கரையிலேருந்து கடலுக்குத் தள்ளும்" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.